ராமக்காள் பல்செட்டும் ராஜமேரி கிட்டாரும்

பாலக்கோடு தாண்டி மூன்றாவது வளைவில் ஓர் எருமை சாலைக்கு நடுவே வந்து நின்றது. டிரைவர் பிரேக்கை மிதித்தார். பஸ் முகப்பில் கட்டியிருந்த வாழைக்கன்று ஒன்று பிய்த்துக்கொண்டு பறந்தது. பானட் மேல் இருந்த தக்காளிக் கூடை ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

‘டக்!’

சத்தம் சின்னதுதான். ஆனால் ராஜமேரிக்கு உயிரே அறுந்ததுபோல் இருந்தது. கூடைக்கு அடியில், போர்வைக்குள் சுற்றி வைத்திருந்தது அவளுடைய கிட்டார்.

“யாருங்க இது கூடைய மேல வெச்சது?”

“நான்தான் பாப்பா. போர்வை இருந்துச்சே, மெத்துனு இருக்கும்னு வெச்சேன்” என்றாள் எதிர் சீட்டில் இருந்த அம்மாள். ஐம்பது வயதிருக்கும். கட்டையான உருவம், காதில் கல் கம்மல், வாயில் ஒரு பல்கூட இல்லை. “ஏன், உள்ள கொளந்தையா இருக்குது?”

ராஜமேரி போர்வையைப் பிரித்தாள்.

உடம்பு தப்பியிருந்தது. கழுத்தும் நேராகவே இருந்தது. ஆனால் கழுத்தின் உச்சியில், ஆறு கம்பிகளும் ஏறி இறங்கும் இடத்தில் இருந்த வெள்ளைத் துண்டு பாதியாக உடைந்து கிடந்தது. சுண்டுவிரல் நீளம்கூட இல்லாத துண்டு. ஆறு பள்ளங்கள், பள்ளத்துக்கு ஒரு கம்பி. வீணைக்கு மேரு எப்படியோ, கிட்டாருக்கு அது அப்படி. பாட்டுக் குழுக்காரர்கள் அதை ‘நட்’ என்பார்கள். மலிவு கிட்டாரில் அது பிளாஸ்டிக்தான். எஞ்சின் சூட்டில் இளகி, கூடையின் கனத்தில் முறிந்திருந்தது. மெல்லிய கம்பிகள் மூன்றும் பிடிப்பில்லாமல் தொளதொளவென்று தொங்கின. உடைந்த மறுபாதியைக் காணோம்.

“ஏனாயித்து?” கன்னடத்தில் பதறினாள் அந்த அம்மாள். “என்ன ஆச்சு பாப்பா? ஏன் அளுவுற?”

“அழலீங்க.”

“கண்ணு கலங்குதே.”

அவ்வளவுதான். ராஜமேரி கொட்டித் தீர்த்துவிட்டாள்.

அன்று ஆயுத பூஜை. சாயங்காலம் அதியமான்கோட்டையில், நெடுஞ்சாலை ஓரத்து லாரி ஷெட்டுகள் எல்லாம் சேர்ந்து நடத்தும் மெல்லிசைக் கச்சேரி. வாரம் முழுக்க மாரண்டஹள்ளியில் பால்வாடி டீச்சர். மேடை கிடைக்கும் நாட்களில் மாதேஸ்வரன் குழுவில் கிட்டார். இரண்டு வருஷமாக இதுதான் ராஜமேரி. போன வாரம் மாதேஸ்வரன் பெங்களூர் போய் ஒரு கீபோர்டு வாங்கி வந்திருந்தார். ஒரு பட்டனை அமுக்கினால் புல்லாங்குழல், இன்னொன்றை அமுக்கினால் வயலின். மூன்றாவது பட்டன் கிட்டார்.

“இன்னிக்கு முதல் பாட்டு உன்னுது மேரி” என்று சொல்லியிருந்தார் அவர். “ஆறரைக்கு நான் கையைக் காட்டுவேன். உன் கிட்டார் பேசிச்சுன்னா நீ குழுவுல இருக்கே. பேசலன்னா கீபோர்டுத் தம்பி பட்டனை அமுத்துவான். அதுக்கப்புறம் எனக்கு உன் கிட்டாரும் வேணாம், அதுக்கு மேடையில ஒரு சீட்டும் வேணாம்.”

கேட்டுக்கொண்டிருந்த அம்மாள் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

“டிரைவரண்ணா, கொஞ்சம் மெதுவாப் போ! கண்டக்டரு தம்பி, அந்த லைட்டப் போடு! எல்லாரும் காலத் தூக்குங்க, கீழ வெள்ளையா ஒரு துண்டு கெடக்குதா பாருங்க!”

“எம்மாந் துண்டும்மா?” என்றது பின் சீட்டு.

“ஒங்க மாமியா மூக்குத்தி அளவு!”

பஸ்ஸே குனிந்தது. சீட்டுக்கு அடியில் ஒரு கொலுசுத் திருகாணி கிடைத்தது, ஒரு செருப்பு வார் கிடைத்தது, யாரோ தொலைத்த சாவி கிடைத்தது. நட் கிடைக்கவில்லை. அந்த அம்மாள் கூடையை மடியில் கவிழ்த்துத் தக்காளியை ஒவ்வொன்றாகத் தடவ ஆரம்பித்தாள். தர்மபுரி பஸ் ஸ்டாண்டுக்குள் வண்டி நுழையும்போது, நன்றாகக் கனிந்த தக்காளி ஒன்றை உயர்த்திப் பிடித்துக் கத்தினாள்.

“இதோ! பழத்துக்குள்ள முளுகிக் கெடக்குது திருட்டுக் களுத!”

பஸ்ஸில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். ராஜமேரி துண்டைத் துடைத்துப் பார்த்தாள். இரண்டு பாதிகளும் பொருந்தின. ஆனால் ஒட்டினால் நிற்குமா? கம்பியை முறுக்கிய உடனே மறுபடி பிளக்கும். இந்த மாதிரி நட் வாங்க சேலம் போக வேண்டும். பூஜை அன்று சேலத்தில் எந்தக் கடை திறந்திருக்கும்?

“ஒடஞ்ச எலும்பு மாதிரி இருக்குது” என்ற அந்த அம்மாள், சட்டென்று தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள். “எலும்பில்ல, பல்லு! வா என்கூட!”

இடுப்பில் முடிந்திருந்த கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே மேலும் கீழுமாக ஒரு முழுப் பல்செட் சிரித்தது.

“என் பேரு ராமக்காள். இது என் பல்லு. தொளதொளன்னு ஆடுதுன்னு சரி பண்ணத்தான் வந்தேன். பல்லு செய்யறவனுக்கு இத்துனூண்டு கட்டை செய்ய வராதா?”

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், மாடிப்படிக்கு அடியில் இருந்தது குப்புராஜின் பல்செட் கடை. தண்ணீரில் ஏதோ கோளாறு என்று சொல்லும் இந்த ஜில்லாவில் நாற்பது வயதுக்குள் பல்லைப் பறிகொடுத்தவர்கள் அநேகம். குப்புராஜுக்கு வேலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் இன்று அவர் வேலை செய்யவில்லை. குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, அரம், கத்தி, இடுக்கி எல்லாவற்றையும் கழுவி வாழை இலையில் வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தார்.

“அக்கா, நாளைக்கு வாங்க. ரெண்டு மணிக்குப் பூஜை. பூஜை போட்டுட்டா நாளைக் காலை வரைக்கும் ஒரு சாமானையும் தொட மாட்டேன்.”

“இன்னும் போடலீல்ல? மணி பன்னெண்டரைதானே?”

“அதுக்குள்ள ஒரு வேலைதான் ஆகும். ஒங்க செட்டா, இந்தப் பாப்பா கொண்டாந்த துண்டா? ஏதாவது ஒண்ணு.”

ராஜமேரி ராமக்காளைப் பார்த்தாள். ராமக்காள் கைக்குட்டையில் இருந்த பல்லைப் பார்த்தாள். இன்று ஊரெல்லாம் பொரிகடலை. நாளைக்குத் தங்கச்சி வீட்டில் ஆட்டுக்கறி. இரண்டுக்கும் பல் வேண்டும்.

“பொரியை நான் தண்ணியில நனைச்சுத் தின்னுக்கறேன்” என்றாள் ராமக்காள். “கறிய என் தங்கச்சி குளைய வேக வெப்பா. ஒடச்சது நான். இந்தப் பொண்ணுக்கு மொதல்ல செய்யி.”

“அக்கா…”

“பேசாத பாப்பா. மனசு மாறிடும்.”

வேலையில் இறங்கியதும் குப்புராஜ் வேறொரு ஆளாகவே மாறிவிட்டார். உடைந்த இரண்டு பாதிகளையும் மெழுகால் ஒட்டினார். மாவுபோலக் குழைத்த பிளாஸ்டரில் பதித்து அச்சு எடுத்தார். அச்சு இறுகும்வரை மூவரும் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“என்ன கலர் வேணும்? பல்லு கலரா, ஈறு கலரா?”

“எது கெட்டிங்க?”

“ஈறுதான். ஈறு சரியில்லாமத்தானே பல்லே போவுது.”

இளஞ்சிவப்புப் பொடியில் ஒரு திரவத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் குழைத்தார். மூக்கைத் துளைக்கும் நெடி. பிசைந்த மாவை அச்சில் அழுத்தி, வெந்நீர் டம்ளரில் இறக்கினார். மணி ஒன்றரை. டம்ளரிலிருந்து வெளியே வந்தபோது அது அச்சு அசல் நட். ஆறு பள்ளங்களும் அப்படியே பதிந்திருந்தன. நகத்தால் தட்டினால் ‘டிக் டிக்’ என்றது.

ராஜமேரி கையை நீட்டினாள். குப்புராஜ் தரவில்லை.

“இரு பாப்பா. பாலிஷ் போடாம குப்புராஜ் எதையும் வெளிய அனுப்புனதில்ல.”

சின்ன அரத்தை எடுத்து ஓரங்களை எல்லாம் உருட்டினார். முன்னால், பின்னால், மேலே, பக்கவாட்டில். துணியால் தேய்த்துத் தேய்த்து, கூழாங்கல் மாதிரி வழவழவென்று ஆக்கிவிட்டுக் கண்ணுக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

“எங்கேயும் கூர் இருக்கக் கூடாது. நாக்கு பட்டா கிழிச்சிடும்.”

அவசர அவசரமாக நட்டை அதன் குழியில் உட்கார வைத்துக் கம்பிகளை முறுக்கினாள் ராஜமேரி. “பசை போடாத. கம்பியே அமுக்கிப் பிடிச்சுக்கும்” என்றார் அவர். நின்றது! அசையாமல் நின்றது! ஒரே ஒரு முறை விரலை ஓட்டிப் பார்த்தாள். அதற்குள் குப்புராஜ் மணி அடிக்க ஆரம்பித்துவிட்டார். கற்பூரப் புகை, மணிச் சத்தம், வெளியே பஸ் ஹாரன். அந்த இரைச்சலில் கிட்டாரின் மெல்லிய ஓசை என்ன கேட்கும்?

“நானும் வரேன்” என்றாள் ராமக்காள், மண்டிக்காரரிடம் தக்காளியைத் தள்ளிவிட்டு வந்து. “என் பல்லக் குடுத்து வாங்குனது. என்னதான் பேசுதுன்னு கேக்க வேணாமா?”

அதியமான்கோட்டையில் அவர்கள் இறங்கியபோது மணி ஐந்தே கால். சாலையின் இரு பக்கமும் லாரிகள் சந்தனப் பொட்டும் சாமந்தி மாலையுமாகக் கல்யாண மாப்பிள்ளைகள் போல் நின்றன. ஒவ்வொரு ஷெட்டு வாசலிலும் பூசணிக்காய் உடைந்து கிடந்தது. கருப்பண்ணன் என்பவருடைய பெரிய ஷெட்டின் முன்பக்கச் சிமெண்டுத் தரைதான் மேடை.

ஷெட் முதலாளி கருப்பண்ணன் வருகிறவர்கள் கையில் எல்லாம் பொரிப் பொட்டலம் திணித்துக்கொண்டிருந்தார். ராமக்காளுக்கு இரண்டு கிடைத்தது. “வயித்தெரிச்சல் கிளப்பறானே” என்று மடியில் போட்டுக்கொண்டாள்.

மாதேஸ்வரன் கடிகாரத்தைப் பார்த்தார். “வந்தியா? வயரைச் சொருகு, சுருதி பாரு.”

ராஜமேரி கிட்டாரை ஒலிபெருக்கிப் பெட்டியோடு இணைத்தாள். நம்பிக்கையோடு முதல் கம்பியைத் தட்டினாள்.

‘ங்ஙீய்ய்ங்ங்…’

பாட்டிலுக்குள் மாட்டிக்கொண்ட வண்டு மாதிரி இருந்தது. அடுத்த கம்பி. அதே வண்டு, கொஞ்சம் பெரியது. ஆறு கம்பியிலும் ஆறு வண்டுகள்.

கீபோர்டுத் தம்பி சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தான். மாதேஸ்வரன் சிரிக்கவில்லை.

“என்னது இது?”

“நட் மாத்தினோம் மாஸ்டர். ஒரு நிமிஷம்…”

“உன் பாட்டோட முதல் அடி முழுக்க வெறும் கம்பிதான் மேரி. விரல் வெச்சு மறைக்க முடியாது. ஆறரைக்கு இதே சத்தம் வந்துச்சுன்னா…” அவர் முடிக்கவில்லை. கீபோர்டைப் பார்த்தார். அது போதும்.

ராஜமேரி மேடைக்குப் பின்னால் போய் டயர் ஒன்றின் மேல் உட்கார்ந்தாள். அழுவதற்கு நேரமில்லை. மணி ஐந்து நாற்பது.

கம்பியின் மேல் விரலை அழுத்தித் தட்டினாள். சுத்தமான சத்தம். விரலை எடுத்துத் தட்டினாள். வண்டு. அழுத்தினால் இல்லை, விட்டால் இருக்கிறது. அப்படியானால் கம்பியில் கோளாறு இல்லை, கழுத்திலும் இல்லை. நட்டில்தான்! குனிந்து, கண்ணை அதன் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். பழைய நட்டில் கம்பி முன் விளிம்பில் சட்டென்று விடுபட்டுப் போகும். இதில் முன் விளிம்பே இல்லை. உருண்டு, சரிந்து, வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சரிவின் மேல்தான் கம்பி அதிர்ந்து அதிர்ந்து உரசுகிறது.

எங்கேயும் கூர் இருக்கக் கூடாது. நாக்கு பட்டா கிழிச்சிடும்.

“ஐயோ குப்புராஜண்ணா!” என்று வாய்விட்டுக் கத்தினாள். “கிட்டாருக்கு நாக்கு இல்லீங்களே!”

“என்னாச்சு?” ராமக்காள் ஓடி வந்தாள்.

“முன்பக்கம் உருட்டா இருக்குங்க்கா. அதைத் தேய்ச்சுத் தட்டையாக்கணும். ஒரு அரம் கிடைச்சாப் போதும்!”

“அரமா? இந்த எடத்துலயா பஞ்சம்?”

பஞ்சம்தான்! கருப்பண்ணனின் ஷெட்டுக்குள் இருவரும் எட்டிப் பார்த்தார்கள். சிவப்புத் துணி விரித்து, அதன்மேல் சுத்தியல், ஸ்பேனர், ஜாக்கி, ரம்பம். அரம் மட்டுமே இருபதுக்குக் குறையாது. தட்டை அரம், முக்கோண அரம், எலிவால் மாதிரி உருண்டை அரம். ஒவ்வொன்றிலும் மூன்று கோடு சந்தனம், நடுவில் குங்குமம்.

“அண்ணா, அந்தச் சின்ன அரத்தை அஞ்சு நிமிஷம் குடுங்க” என்றாள் ராமக்காள்.

கருப்பண்ணன் காதைப் பொத்திக்கொள்ளாத குறை. “பூஜை போட்டாச்சும்மா! நாளைக்குக் காலையிலதான்.”

“பஸ்ஸுக்குந்தான் பூஜை போட்டாங்க. அது ஓடலியா?”

“பஸ்ஸு ஓடணும், அரம் சும்மா இருக்கணும். அதாம்மா வளக்கம்.”

“பக்கத்து ஷெட்டுல?”

“இந்த ரோட்டுல எவன் குடுத்தாலும் நான் மீசைய எடுத்துக்கறேன்.”

அவருடைய மீசை பெரிது. ராமக்காள் நம்பினாள். ராஜமேரியை ஓரமாக இழுத்துப் போனாள்.

“நீ வேதக்காரப் பொண்ணுதானே? ஒனக்கு ஆயுத பூஜை ஏது? நான் அந்தாளுகிட்டப் பேச்சுக் குடுக்கறேன். நீ ஒண்ண உருவிக்க. தேய்ச்சுட்டு வெச்சிடலாம்.”

ராஜமேரி ஒரு கணம் அந்த எலிவால் அரத்தைப் பார்த்தாள். கை எட்டும் தூரம். மேடையிலிருந்து கீபோர்டின் மூன்றாவது பட்டன் சத்தம் கேட்டது. தம்பி ஒத்திகை பார்க்கிறான். அவளுடைய பாட்டை.

“வேணாங்க்கா. எங்க கோயில் சாமானை யாராச்சும் அப்படி எடுத்தா எனக்கு எப்படி இருக்கும்?”

“அப்ப எதுல தேய்ப்ப? என் தலையிலயா?”

ராஜமேரி கீழே பார்த்தாள். காலில் செருப்பு இல்லை. பூஜை இடம் என்று கழற்றியிருந்தாள். உள்ளங்காலில் சொரசொரவென்று உறுத்தியது தரை. எண்ணெய்க் கறை இல்லாத மூலையில் சிமெண்டு இன்னும் முரடாக இருந்தது.

“அக்கா! தரைக்குப் பூஜை போட்டிருக்காங்களா?”

ராமக்காளுக்குப் புரிந்தது. “போட மாட்டாங்க! தரை எந்த ஊர்ல ஆயுதம்?”

கம்பிகளைத் தளர்த்தினாள். நட்டைப் பிடுங்கினாள். முன் முகத்தைத் தரையில் நேராக வைத்து, மூன்று விரலால் அழுத்தி, தேய்க்கத் தொடங்கினாள். சர்… சர்… சர்… இளஞ்சிவப்புத் தூள் பறந்தது. தூக்கிப் பார்த்தாள். உருட்டு பாதி போயிருந்தது. சர்… சர்… விரல் நுனித் தோலும் கொஞ்சம் போனது. முழு உருட்டும் தேய்ந்து, முகம் தட்டையாகி, விளிம்பு கத்தி மாதிரி நேராக நின்றது. ஆனால் கரடு முரடு. இதன் மேல் கம்பி போனால் அறுந்துவிடும்.

“மழமழன்னு ஏதாச்சும் வேணுமே… கூரும் போகக் கூடாது, பிசிரும் இருக்கக் கூடாது…”

ராமக்காள் மடியைத் துழாவினாள். பொரி, பொரி, பல்செட், பீடிக் கட்டு, தீப்பெட்டி.

“இது ஆவுமா?”

தீப்பெட்டியின் மருந்துப் பக்கம்! ராஜமேரி அந்தக் கையைப் பிடித்து முத்தம் கொடுக்காத குறை. இரண்டு இழுப்பு, மூன்று இழுப்பு. பிசிர் போனது.

மணி ஆறு பத்து. நட்டைக் குழியில் வைத்தாள். லொடலொடவென்று ஆடியது! தேய்த்ததில் மெலிந்துவிட்டது. முன்னால் தள்ளினால் பின்னால் இடைவெளி.

“காகிதம் ஏதாச்சும்! கெட்டியா!”

“பஸ் டிக்கெட்டு!” என்றாள் ராமக்காள்.

ராஜமேரியின் டிக்கெட் ஒன்று, ராமக்காளின் டிக்கெட் ஒன்று. இரண்டையும் சேர்த்து நான்காக மடித்து, நட்டுக்குப் பின்னால் ஆணி அடித்த மாதிரி செருகினாள். கம்பிகளை முறுக்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. ஆறாவது கம்பி பாதி முறுகும்போது மேடையில் மைக் அலறியது. “அன்பார்ந்த தொழிலாளத் தோழர்களே!”

“ஓடு பாப்பா!”

ஓடினாள். வயரைச் செருகினாள். சுருதி பார்க்க நேரம் இருந்தது. சத்தம் போட்டுப் பார்க்க நேரம் இல்லை. பெட்டியின் ஒலியைக் குறைத்து, காதைக் கிட்டாரின் மரத்தில் அழுத்தி, கம்பிகளுக்குச் சுருதி சேர்த்தாள். நிமிர்ந்தபோது மாதேஸ்வரன் கையைத் தூக்கியிருந்தார். அவருடைய கண் அவள் மேல் இருந்தது. தம்பியின் விரல் மூன்றாவது பட்டன் மேல் இருந்தது.

கை இறங்கியது.

ராஜமேரி ஒலித் திருகை முழுவதும் திருப்பி, கம்பியைத் தட்டினாள்.

கோயில் மணி மாதிரி எழுந்தது! வண்டு இல்லை, உரசல் இல்லை. ஒவ்வொரு கம்பியும் தனித் தனியாக, தெள்ளத் தெளிவாக, லாரிகளின் தகரத்தில் பட்டுத் திரும்பி வந்தது. முதல் அடி. இரண்டாவது அடி. கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார்கள். டிரம்ஸ் சேர்ந்துகொண்டது. லாரிக் கேபின்களின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த கிளீனர்கள் கூரையிலேயே தாளம் போட ஆரம்பித்தார்கள். மூன்றாவது அடியில் கம்பியை இழுத்து வளைக்க வேண்டும். பழைய பிளாஸ்டிக் நட்டிலேயே அது அவளுக்குப் பயம். இழுத்தாள். ஈறு நின்றது, பிடித்துக்கொண்டு நின்றது!

பக்கவாட்டில் பார்த்தாள். தம்பி பட்டனிலிருந்து விரலை எடுத்துவிட்டு இரண்டு கையாலும் தாளம் போட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டு முடிந்ததும் மாதேஸ்வரன் அவள் பக்கத்தில் வந்து குனிந்து கிட்டாரின் கழுத்தைப் பார்த்தார்.

“என்ன இது, ரோஸ் கலர்ல?”

“ஈறு மாஸ்டர்.”

“என்னது?”

“பல்செட் ஈறு. பின்னாடி ரெண்டு பஸ் டிக்கெட்டும் இருக்கு.”

அவர் அவளையும் கிட்டாரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து பாட்டுப் பட்டியலை எடுத்து, நாலாவது பாட்டுக்கு எதிரே ‘கீபோர்டு’ என்று எழுதியிருந்ததை அடித்துவிட்டு அவளிடம் நீட்டினார். “இதையும் நீயே வாசி. அடுத்த ஞாயிறு சேலத்துல கல்யாணக் கச்சேரி. ரயிலுக்கு நேரத்தோட வந்துடு. பஸ்ஸுல மட்டும் வராதே.”

முன் வரிசையில், கருப்பண்ணனுக்குப் பக்கத்து நாற்காலியில், ராமக்காள் டம்ளர் தண்ணீரில் பொரியை நனைத்து நனைத்து வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். ராஜமேரி தன்னைப் பார்ப்பதைக் கண்டதும் எழுந்து நின்றாள். கைக்குட்டையைப் பிரித்து, பல்செட்டைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, கூட்டம் மொத்தத்துக்கும் கேட்கும்படிக் கத்தினாள்.

“இன்னொரு பாட்டு வுடு பாப்பா! விடிஞ்சா குப்புராஜு கடையில என் முறை!”